இரண்டாம் முறைக்குத் துடைப்பம் இல்லை

என் மகனுக்கு,

இதை உன் கையிலேயே கொடுத்திருக்கலாம். இன்னும் நம் பெருநகர் கிராமத்தில் இதே வீட்டில்தான் இருக்கிறாய். காலையில் கடைக்குக் கிளம்பும்போது நீட்டியிருந்தால் பஸ்ஸில் படித்துவிட்டு மடித்து வைத்திருப்பாய். ஆனால் "ஒத்துக்கோ" என்று உன்னிடம் சொன்னது ஊர். சொந்தக்காரன், பக்கத்து நிலத்துக்காரன், டீக்கடையில் பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன், எல்லோரும் சேர்ந்துதான் உன்னைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தார்கள். அதையும் உன்மேல் வைத்த பிரியத்தால் செய்தார்கள். அதனால் அவர்களும் படிக்கட்டும் என்று பேப்பருக்கு அனுப்புகிறேன். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். உத்திரமேரூரில் வாடகை வீடு பார்த்தாகிவிட்டது. நீ இங்கிருந்து போவதற்கு முன், நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க நினைக்கிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற கௌசல்யாவிடமும் அவள் தம்பி தினேஷிடமும் கேட்டுவிட்டேன். பெயரைப் போட்டே எழுதுங்கள் என்றார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். திருட்டைப் பற்றி மென்மையாகப் பேசுகிற ஆள் நான் இல்லை. நீ பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது நம் குத்தகை நிலத்தில், போர் மோட்டாருக்குப் போகிற கேபிளை யாரோ வெட்டி எடுத்துப் போனார்கள். உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்காக வெட்டுவார்கள். பழைய இரும்புக் கடையில் எடை போட்டு விற்றுவிடுவார்கள். நெல் பால் பிடிக்கிற நேரம் அது. ஸ்டேஷனுக்குப் போகக் கிளம்பினேன். மானாம்பதி முனிரத்தினம் வழியில் பார்த்து வண்டியை நிறுத்தினார். "இன்னாத்துக்கு போற? கேபிளு கெடச்சாலும் கேஸு சாமான்னு கோர்ட்டுல வெச்சிக்குவாங்க. அது வெளிய வர்றதுக்குள்ள ஒம் பேரன் வெவசாயம் பண்ணிக்கினு இருப்பான்," என்றார். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. திரும்பி வந்துவிட்டேன். புதுக் கேபிள் வாங்கி இழுப்பதற்குள் பாதிக்கு மேல் பதராகிப் போனது. அறுவடை அன்று களத்தில் தூற்றியபோது காற்றோடு போனது பதர்தான் என்றாலும், அது என் உழைப்பாகத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வருஷம் திருடனை எவனாவது கம்பத்தில் கட்டி வைத்து அடித்திருந்தால் முன்வரிசையில் நின்று பார்த்திருப்பேன்.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான் நீ பிறந்து வளர்ந்தாய். வளர்ந்து, பைக் தவணை கட்ட வழியில்லை என்று கூட்டாளிகளுடன் சேர்ந்து அதே முனிரத்தினத்தின் நிலத்தில் கேபிளை வெட்டினாய். இரும்புக் கடை வாசலில் பிடிபட்டாய். அன்று நான் உன்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன். மறுநாள் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நீ பண்ணியா?" "பண்ணேம்மா." "அப்ப கோர்ட்டுல அத சொல்லு." அதில் எனக்கு இன்றும் மறுபேச்சு இல்லை. செய்தாய், ஒத்துக்கொண்டாய், கேபிளைத் திருப்பிக் கொடுத்தாய். பழைய சட்டத்தை மாற்றிப் புதுச் சட்டம் வந்திருந்த நேரம் அது. திருடிய பொருள் ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழே, தண்டிக்கப்படுவது முதல் முறை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாகிவிட்டது என்றால் சிறை கிடையாது, சமூக சேவை என்று அதில் எழுதியிருந்தார்கள். உன்னை அரசு ஆஸ்பத்திரி வளாகத்தைப் பெருக்கச் சொன்னார்கள்.

நான் ஒருநாள் உனக்குத் தெரியாமல் வந்து பார்த்தேன். வேப்ப மரத்தடியில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாய். மாத்திரை வாங்க வந்த நம் ஊர்க்காரி ஒருத்தி நின்று, "தம்பி, அந்த மூலையில கொஞ்சம் வுட்டுட்ட பாரு," என்று கைநீட்டிக் காட்டினாள். நீ போய் அந்த மூலையையும் பெருக்கினாய். எனக்கு அவமானமாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். இல்லை. உன்னைக் கட்டி வைத்து அடித்திருந்தால் நீ அடித்தவர்களைத்தான் வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாய். பெருக்கும்போது செய்ததை நினைக்க நேரம் கிடைத்திருக்கும். அது முடிந்து காதர் பாய் தன் எலக்ட்ரிக்கல் கடையில் உன்னை வேலைக்குச் சேர்த்தபோது பஜாரில் பாதிப் பேர் அவரைத் திட்டினார்கள். கேபிள் திருடனைக் கொண்டுபோய்க் கேபிள் கடையில் வைக்கிறாயே என்று. அவர் சொன்ன பதிலை நீயே வந்து சிரித்துக்கொண்டு சொன்னாய்: "ஒரு திருடன் உள்ள இருந்தா மத்த திருடன் வரமாட்டாம்பா."

இங்கேதான் ஊர் ஒரு பாடத்தைத் தப்பாகப் படித்தது. உன்னைப் பெருக்கவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்று எல்லோரும் பார்த்தார்கள். கேபிள் திருடினால் துடைப்பம், அவ்வளவுதான் என்று மனதில் எழுதிக்கொண்டார்கள். "இதுக்கா இம்மா நாளா பயந்துக்கினு இருந்தோம்," என்று டீக்கடையில் பேசியதை என் காதால் கேட்டேன். சட்டத்தில் ஒரு வரியைப் பார்த்துவிட்டு மற்ற வரிகளும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார்கள். அந்த நம்பிக்கையில் கொஞ்சம் நம் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்த வருஷம் முனிரத்தினத்தின் கேபிள் மறுபடியும் போனது. ஸ்டேஷனில் உன் பெயர் ஏற்கெனவே இருந்ததால் உன்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கைதாகி, ஜாமீனில் வந்தாய். அதே கேள்வியைக் கேட்டேன்; "பண்லம்மா" என்றாய், நம்பினேன். அன்று சாயங்காலம் உன் பெரியப்பா வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "ஒத்துக்கினு வந்துடு நைனா" என்பதுதான். "வாய்தா வாய்தான்னு அலஞ்சா கட வேல பூடும். கல்யாணம் வேற கீது. போன தபா இன்னா பண்ணாங்க? பெருக்க வுட்டாங்க. இன்னொரு தபா பெருக்கு. ஒடம்பா தேஞ்சிடும்?" என்றார். "பண்ணாததை எதுக்கு ஒத்துக்கணும்?" என்று நான் கேட்டேன். "பண்ணானா பண்லியான்னு யாரு கேட்டா? பேஜார் முடியணும், அதான் பேச்சு," என்றார். அவர் கெட்டவர் இல்லை. உன் ஜாமீனுக்கு முதலில் வந்து நின்றவர் அவர்தான். நம் பக்கத்தில் சின்னக் கேஸ் என்றால் இதுதான் வழக்கம். நிஜம் பொய் பார்ப்பதில்லை. ஒத்துக்கொண்டு, கட்டச் சொன்னதைக் கட்டிவிட்டு, மத்தியானப் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார்கள். சட்டம் மாறிவிட்டது, வழக்கம் மாறவில்லை. என்னை உறுத்தியது நீ ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசாமல் தலையாட்டியதுதான்.

அதனால்தான் உன்னை இழுத்துக்கொண்டு இலவச சட்ட உதவிக்குப் போனேன். அங்கே நமக்குக் கிடைத்த வக்கீலம்மா சின்ன வயது, பூசி மெழுகிப் பேசுகிறவர் இல்லை. நீ அவரிடம், "மேடம், ஒத்துக்கினு பெருக்கிட்டு வந்துடறேன்," என்றாய். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"யாரு சொன்னா பெருக்கிட்டு வந்துடலாம்னு?"

"போன தபா அப்டிதான் மேடம்."

"அது மொத தடவைக்கு. அதே பிரிவுல ரெண்டாவது தடவைக்கும் எழுதியிருக்கு. கொறஞ்சது ஒரு வருஷம் கடுங்காவல். அஞ்சு வருஷம் வரைக்கும் போகலாம். ஜட்ஜுக்கே உங்க மேல பாவம் வந்தாலும் அந்த ஒரு வருஷத்துக்குக் கீழ எறங்க சட்டத்துல எடமில்ல. நீங்க ஒத்துக்கிட்டா விசாரணையே தேவையில்ல, அன்னைக்கே முடிஞ்சிடும். உள்ள போய்ட்டு வர்றீங்களா?"

உன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். வெளியே வந்ததும், இனி மாற்றிப் பேசுவாய் என்று நினைத்தேன். நீயோ புளியமரத்தடியில் நின்று, "ஒரு வருஷந்தானம்மா," என்றாய். செய்யாததற்கு இப்படித் தலைகொடுக்கிறாய் என்றால் யாரையோ காப்பாற்றத்தான் என்று அப்போதுதான் உறைத்தது; யாருக்காக என்று கேட்டேன். நீ சொன்னாய்: வெட்டியது தினேஷ். கௌசல்யாவின் தம்பி. கம்பெனியில் ஒப்பந்த வேலை போனதிலிருந்து வலி மாத்திரையைப் போதைக்குப் போட்டுக்கொண்டு அலைகிறான். மாத்திரை வாங்கத்தான் வெட்டினான். உன்னிடம் வந்து அழுதான். நீ "மாமா பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாய். பெருக்குவதுதானே என்று நினைத்துச் சொன்ன வார்த்தை. ஒரு வருஷம் என்று தெரிந்தபிறகு அதைத் திரும்ப வாங்க உனக்கு ரோஷம்.

அன்று உன்னைத் திட்டியதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இப்போதும் அதையே சொல்கிறேன். அதைத் தியாகம் என்று நீ நினைத்தாய். நீ உள்ளே போயிருந்தால் தினேஷ் அடுத்த வாரம் இன்னொரு நிலத்தில் வெட்டியிருப்பான். இன்னொருவர் பயிர் காய்ந்திருக்கும். அவனுக்கு மாத்திரை விற்கிறவன் பைக்கில் வந்துகொண்டே இருந்திருப்பான். எல்லாம் இருந்தபடி இருக்க, நீ மட்டும் சிறையில். இதில் யாருக்கு என்ன லாபம்?

புதுச் சட்டத்தைத் திட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. முதல் முறை தவறியவனுக்கு ஒரு வாய்ப்பு, திரும்பத் திரும்பச் செய்கிறவனுக்குச் சிறை என்பதில் நியாயம் இருக்கிறது. பயிர் காய்ந்தவளாகச் சொல்கிறேன், அது வேண்டும். என் ஆத்திரம் 'திரும்பத் திரும்ப' என்பதை எப்படி எண்ணுகிறோம் என்பதில். நம் ஊரில் ஒரு பெரிய வீட்டுப் பையன் ஒவ்வொரு அறுவடைக்கும் எதையாவது தூக்கிக்கொண்டு பிடிபடுவான். ஒவ்வொரு முறையும் நாலு பேர் உட்கார்ந்து பேசி, அபராதம் கட்டி, அதோடு முடித்துவிடுவார்கள். காகிதத்தில் அவன் இன்னும் ஒரு தப்பும் செய்யாதவன். மாத்திரை விற்கிறவனும் அப்படித்தான். அவனைத் தெரியாதவர் இல்லை; அவன் பெயரை ஸ்டேஷனில் சொன்னவரும் இல்லை. விற்கிறவனைக் குண்டர் சட்டத்தில் போடு, இன்னும் கடுமையான சட்டம் கொண்டுவா என்று டிவியில் தினம் கத்துகிறார்கள். கொண்டுவரட்டும். ஆனால் சாட்சி சொல்ல ஒருத்தரும் இல்லாத ஊரில் எந்தச் சட்டம் வந்தாலும், பாக்கெட்டில் மாத்திரையோடு நிற்கும் தினேஷைத்தான் முதலில் பிடிக்கும். நிஜமாக ஒரு முறை, அடுத்தவனுக்காக ஒரு முறை என்று தலையாட்டியிருந்தால், நம் ஊரில் பழைய குற்றவாளி என்று எழுதப்படுகிறவன் நீயாக இருந்திருப்பாய்.

உனக்குத் தெரியாமல் நான் கௌசல்யாவின் ஊரான திருப்புலிவனம் போனது இதற்காகத்தான். கௌசல்யா ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் நேரம் பார்த்து நின்றேன். என்னைப் பார்த்ததும் புடவை எடுக்கும் விஷயம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"இன்னா அத்த, வூட்டுக்கு வராம இங்கியே நின்னுக்கினு கீறீங்க?"

"உந்தம்பி வெட்டுன கேபிளுக்கு எம்புள்ள ஒரு வருஷம் உள்ள போவப் போறான். உனுக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. நடந்ததையும் வக்கீலம்மா சொன்னதையும் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, "தியாகியாவறாராமா அவரு? என்னை யாரு கேட்டா? தாலி கட்டன கையோட நான் ஜெயிலு வாசல்ல போயி நிக்கணுமா?" என்று கேட்டாள். பிறகு என்னைவிட வேகமாக நடந்தாள். தினேஷ் வீட்டில்தான் படுத்திருந்தான். போர்வையை இழுத்தாள்.

"ஏந்திரிடா. கேபிளு வெட்டன இல்ல?"

"மாமா பாத்துக்கறேன்னாருக்கா."

"மாமா பாத்துக்குவாரு. நான் ஜெயிலுக்கு நாஷ்டா தூக்கிக்கினு போறேன். நீ மாத்தர போட்டுக்கினு தூங்கு. நல்லா கீதுடா ஒன் ஞாயம்!"

நான்தான் அவனிடம் கணக்கைச் சொன்னேன். உனக்கு இது இரண்டாவது என்பதால் குறைந்தது ஒரு வருஷம். அவனுக்கு முதல் முறை. அவன் போய் உண்மையைச் சொல்லி, ஐயாயிரத்துக்குள் வரும் அந்தக் கேபிளின் மதிப்பைத் திருப்பிக் கொடுத்தால் சட்டம் அவனைச் சிறைக்கு அனுப்பாது. ஒரே கேபிள், செய்தவன் ஒத்துக்கொண்டால் துடைப்பம், செய்யாத நீ ஒத்துக்கொண்டால் சிறை. அவன் எழுந்து உட்கார்ந்தான். "பெருக்கறப்ப ஊரே பாக்குமே அத்த," என்றான். "பாக்கட்டும். எம்புள்ளயையும்தான் பாத்துச்சு. யாருக்கும் கண்ணு பூடல," என்றேன். கௌசல்யாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. தினேஷும் லேசாகச் சிரித்தான். அந்த வீட்டில் இனி எதையும் பேசலாம் என்று எனக்கு அப்போதுதான் தைரியம் வந்தது.

அவனை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனது அவன் அக்கா. எங்கே விற்றான் என்பதைச் சொன்னான். மாத்திரை யாரிடம் வாங்கினான் என்பதையும் சொன்னான். கேட்காமலே சொன்னான் என்று கௌசல்யா சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. அக்கா சம்பளத்தில் கட்ட மாட்டேன் என்று மூட்டை தூக்கி, கேபிளின் மதிப்பைக் கட்டினான். உன் கேஸில் அவனையும் சேர்த்தார்கள். நீயோ, நான் அங்கே போனது தெரிந்த நாளிலிருந்து என்னோடு பேசவில்லை. "அவன் கிட்ட குடுத்த வாக்க நீ ஒடச்சிட்ட," என்று மட்டும் ஒருமுறை சொன்னாய். ஆமாம், உடைத்தேன்.

ஆனாலும் கோர்ட்டில் உன்னைக் கேட்ட அந்தக் கணம் வரைக்கும் எனக்கு நிச்சயமில்லை. தினேஷ் உண்மையைச் சொன்னாலும், நீ முந்திக்கொண்டு "நானும்தான்" என்று சொல்லிவிட்டால் நான் பட்ட பாடு எல்லாம் வீண். நீ பிடிவாதக்காரன், எனக்குத் தெரியாதா? உன் பெயரைக் கூப்பிட்டார்கள். குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்ற தினேஷைத் திரும்பிப் பார்த்தாய். அவன் தலையை இடமும் வலமுமாக ஆட்டினான், வேண்டாம் மாமா என்பதுபோல. உன் வாய் அசைந்தது. பின்னால் நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வக்கீலம்மா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தபோதுதான் நீ "இல்லிங்க, நான் செய்யல" என்று சொன்னது தெரிந்தது. வெளியே வந்து முகம் கழுவினேன்.

தினேஷ் ஒத்துக்கொண்டதால் அவன் கேஸைத் தனியாகப் பிரித்து முடித்துவிட்டார்கள். இப்போது அவன் ஆஸ்பத்திரியில் பெருக்குகிறான். பெருக்கி முடித்ததும் அங்கேயே டாக்டரைப் பார்த்து, மாத்திரைப் பழக்கத்துக்கு மருந்து வாங்கிக்கொள்கிறான். எல்லா நாளும் நல்ல நாளாக இல்லை. நடுவில் ஒருநாள் காணாமல் போய்த் திரும்பி வந்தான். வந்தான் என்பதைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். அவனுக்கு விற்றவனை ஸ்டேஷனில் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். அவன் பைக் கொஞ்ச நாளாக நம் பக்கம் வரவில்லை. அது எவ்வளவு நாளைக்கு என்று எனக்குத் தெரியாது. ஆனால் இன்னும் இரண்டு வீட்டு அம்மாக்கள் என்னிடம் வந்து, நாங்களும் சொல்கிறோம், கூட வருகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். போகிறேன். முனிரத்தினம் புதுக் கேபிள் வாங்க உன்னிடமே வந்தாராமே. "அளந்து குடு. வெட்டறது உனுக்கு இன்னா புச்சா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம். நீ சிரித்துக்கொண்டே ஒரு கை கூடுதலாக வெட்டிக் கொடுத்ததாகக் காதர் பாய் சொன்னார். மனிதர் உன்னை வைத்துக் கேலி பேசுகிறார் என்றால், உன்மேல் இருந்த பயம் போய்விட்டது என்று அர்த்தம்.

புது வீட்டில் உனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ சொல்வார்கள். நான் சொல்வது இவ்வளவுதான். செய்ததை ஒத்துக்கொள்ளும் தைரியம் உனக்கு முதலிலேயே இருந்தது. செய்யாததை மறுக்கும் தைரியம் இப்போதுதான் வந்திருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் கஷ்டம். வாய்தாவுக்கு ஒருநாள் கூலி போகும், பஸ் காசு போகும், நாள் முழுக்க நின்று கால் கடுக்கும். ஒத்துக்கொண்டால் எல்லாம் ஒரே நாளில் முடியும் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். அது களைப்பு பேசுவது. அதைக் கேட்காதே. கௌசல்யாவிடம் எதையும் மறைத்துவைத்து அவளைக் காப்பாற்றுவதாக நினைக்காதே. அவளுக்கு உன்னைவிடத் தெளிவு அதிகம்.

உன் கேஸ் இன்னும் முடியவில்லை. உன் பக்கச் சாட்சியாகத் தினேஷ் வந்து, வெட்டியது நான், இவர் இல்லை என்று சொல்வான். வக்கீலம்மா நம்பிக்கையாக இருக்கிறார், நானும்தான். அடுத்த வாய்தா கல்யாணத்துக்கு முந்தின வாரம் வருகிறது. கல்யாண வேலையைச் சாக்கு வைத்துத் தள்ளிப்போடாதே. காதர் பாயிடம் நானே சொல்லிவிட்டேன், லீவு தருவார். கௌசல்யாவும் கம்பெனியில் சொல்லிவிட்டு வருகிறாள். அன்று நம் நிலத்தில் நடவு, ஆள் கிடைப்பதே பெரிய பாடு, நான் வரப்போவதில்லை. என்னைத் தேடிப் பின்னால் திரும்பிப் பார்க்காதே. நீங்கள் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போய்விட்டு வாருங்கள். கேட்டால் அதே பதிலைச் சொல், இந்த முறை சத்தமாக.

அம்மா